மாடலருக்கு எந்த ஒலிப்பெட்டி? நான்கு பெட்டிகளைக் கேட்டபின் ஒரு மதிப்புரை

ஹீலிக்ஸ் எல்டி என்ற லைன் 6 மாடலரை (கிட்டார் ஆம்பையும் எஃபெக்டுகளையும் டிஜிட்டலில் போலச் செய்யும் கருவி) நான் வாங்கிய காலத்தில், அதற்கென்று தனியாக ஓர் ஒலிப்பெட்டி வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. வீட்டில் ஹெட்ஃபோன், மேடையில் பிஏ (சபைக்கு ஒலி தரும் ஒலிபெருக்கி அமைப்பு) ஆட்கள் வாசிப்பவர் கேட்பதற்காக வைக்கும் மானிட்டர், அவ்வளவு போதும் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் மெல்லிசைக் குழுவில் அந்த மானிட்டரில் பாடகரும் கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்தே வரும். அதற்குள் என் கிட்டாரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஒத்திகை அறையிலோ பிஏ என்பதே கிடையாது. ஆகவே ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அமைந்த முழு அலைவரிசை ஒலிப்பெட்டி ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்து, ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர்-112, லைன் 6 பவர்கேப் 112, ஃபெண்டர் டோன் மாஸ்டர் எஃப்ஆர்-12, யமஹா டிஎக்ஸ்ஆர்10 ஆகிய நான்கையும் நண்பர்களிடமும் கடைகளிலும் வாசித்துப் பார்த்தேன்.

சாதாரண கிட்டார் ஆம்பில் மாடலரைச் செருகினால் என்ன குறை என்று பலர் கேட்கிறார்கள். கிட்டாருக்கென்று செய்யப்பட்ட ஸ்பீக்கர், எல்லா ஒலியையும் உள்ளபடி தரும் கருவி அன்று. செலெஸ்டியன் நிறுவனத்தின் வின்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு அந்நிறுவனமே தரும் அலைவரிசை 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலுள்ள கீச்சொலி அனைத்தையும் அது விழுங்கிவிடுவதால்தான் டிஸ்டார்ஷன் என்ற கரகரத்த கிட்டார் ஒலி நம் காதுக்கு இனிக்கிறது. மாடலரில் நாம் தேர்ந்தெடுக்கும் கேப் (ஸ்பீக்கர் பெட்டி) மாதிரி அல்லது ஐஆர் இந்த வேலையை முன்கூட்டியே செய்து முடித்துவிடுகிறது. அப்படி ஒருமுறை வடிகட்டிய ஒலியை மீண்டும் ஒரு கிட்டார் ஸ்பீக்கர் வழியே விட்டால், போர்வைக்குள்ளிருந்து யாரோ வாசிப்பது போலத்தான் கேட்கும். தன் சுவையைச் சேர்க்காமல், வந்ததை வந்தபடி ஒலிக்கும் பெட்டி மாடலருக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

இங்கே ஓர் ஏமாற்றத்துக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஐஆர் என்பது ஒரு கேப்பின் முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்த ஒலியின் வடிவம். எனவே முழு அலைவரிசைப் பெட்டியிலிருந்து வருவது ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ட்ரோல் அறையில் கேட்கும் ஒலியே தவிர, அறைக்குள் ஆம்ப் எதிரே நின்று காலில் காற்று மோத வாசிக்கும் ஒலி அன்று. இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் ஒரு பெட்டியை வாங்கி, பிடிக்காமல் விற்று, இன்னொன்றை வாங்கி, அதையும் விற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். குறை பெட்டியில் இருப்பதில்லை. தனக்கு வேண்டியது இரண்டில் எது என்று முதலில் முடிவு செய்யாததே காரணம். மக்கள் பிஏவில் கேட்பதை நானும் கேட்க வேண்டும் என்பது ஒரு தேவை. ஆம்ப் போன்ற உணர்வு வேண்டும் என்பது மற்றொன்று. ஒரே பெட்டி இரண்டையும் நிறைவாகச் செய்து நான் கேட்டதில்லை.

அடுத்து வாட் கணக்கு. ஹெட்ரஷ் பெட்டியில் 2000 வாட் என்றும், பவர்கேப்பில் 250 வாட் என்றும் எழுதியிருப்பதைப் பார்த்தவர், முன்னது பின்னதைப் போல எட்டு மடங்கு உரக்க ஒலிக்கும் என்று நம்பினால் வியப்பில்லை. ஆனால் 2000 என்பது உச்ச அளவு. ஒரு கண நேரத்துக்கு எட்டக்கூடிய எண். மேலும், வாட் இரண்டு மடங்கானால் ஒலியளவு 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரு வாட்டுக்கு எவ்வளவு ஒலி தருகிறது என்ற ஸ்பீக்கரின் உணர்திறன் இதைவிட முக்கியமானது. வெறும் 25 வாட் தாங்கும் செலெஸ்டியன் கிரீன்பேக்கின் உணர்திறன் 98 டெசிபல் என்பதால்தான், அத்தகைய ஸ்பீக்கர் நான்கு இருந்தால் டிரம்மரையே முறைக்கச் செய்ய முடிகிறது. இந்த நான்கு பெட்டிகளில் எதுவும் ஒத்திகை அறைக்குப் போதாததாக இல்லை என்பதை மட்டும் சொல்லி, வாட்டை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

கேட்ட முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடையில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். இரண்டு பெட்டிகளில் சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே காது சொல்லும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்தில் ஃபோனிலுள்ள ஒலியளவுமானியைப் பிடித்து அளவைச் சமமாக்கினேன். கையும் ஏமாற்றும், பிடித்த பெட்டியில் நாம் அறியாமலே நன்றாக வாசிப்போம். ஆகவே மாடலரின் லூப்பரில் ஒரு கிளீன் கார்டு வரிசையையும் ஒரு டிஸ்டார்ஷன் ரிஃபையும் பதிந்துவைத்து, அதையே எல்லாப் பெட்டிகளிலும் ஓடவிட்டு, பெட்டியின் நேர் எதிரிலும் பக்கவாட்டிலும் நடந்து கேட்டேன்.

ஹெட்ரஷ் 112 விலை குறைந்தது, உரக்க ஒலிப்பது. 12 அங்குல வூஃபர் (அடியொலிக்கான ஸ்பீக்கர்), இரண்டு உள்ளீடுகள், எக்ஸ்எல்ஆர் (மைக் வகை இணைப்பு) வெளியீடு, ஹம் என்ற மின் இரைச்சல் வந்தால் உதவும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் எல்லாம் உண்டு. ஒலியின் தன்மையை மாற்றும் கான்டூர் என்ற பொத்தானை அணைத்தே வைத்துக் கேட்டேன். அதை அழுத்தினால் முதல் நிமிடம் மயக்குகிறது, குழுவோடு வாசிக்கும்போது கிட்டாரின் நடுப்பகுதி காணாமல் போகிறது. என் காதுக்கு இதன் மேல் ஒலி சற்றுக் கரகரப்பாகப் பட்டது. மாடலரில் 7000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டியபின் அந்தக் குறை பெரும்பாலும் மறைந்தது. முதல் பெட்டி வாங்குபவர் இதை வாங்கினால் நான் தடுக்க மாட்டேன்.

பவர்கேப் 112 வேறு இனம். 2018-இல் வந்த இந்தப் பெட்டியில் வூஃபரின் மையத்திலேயே உயரொலிக்கான டிரைவரும் அமைந்திருக்கிறது. இதன் பயன் காகிதத்தில் தெரியாது, அருகில் நின்றால் தெரியும். வழக்கமான பெட்டியில் வூஃபர் கீழே, உயரொலிக்கான ஹார்ன் மேலே என்று தள்ளித்தள்ளி இருப்பதால், மூன்றடி தூரத்தில் நிற்பவருக்கு இரண்டு ஒலிகளும் சரியாகக் கலப்பதில்லை. குனிந்தால் ஒன்று, நிமிர்ந்தால் ஒன்று என்று ஒலி மாறும். சிறிய அறையில் வாசிப்பவருக்கு இது உண்மையான தொல்லை. பவர்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை. இதைத் தவிர, மாடலரில் கேப்பை அணைத்துவிட்டு இந்தப் பெட்டியையே ஒரு கிட்டார் ஸ்பீக்கர் போல நடந்துகொள்ளச் செய்யும் வசதியும் உண்டு. காலில் காற்று மோதும் அந்த உணர்வுக்கு நான்கில் மிக அருகில் வந்தது இதுதான். ஆனால் அந்த வசதியைப் பயன்படுத்தும்போது பிஏவுக்கு மட்டும் கேப் சேர்த்த ஒலியைத் தனிப்பாதையில் அனுப்ப வேண்டியிருக்கிறது; நான் கேட்பதும் மக்கள் கேட்பதும் மறுபடியும் வேறுவேறாகிவிடுகின்றன. எனக்கு எந்தச் சிக்கலிலிருந்து விடுதலை வேண்டியிருந்ததோ, அதையே விலை கொடுத்து வாங்குவானேன் என்று தோன்றியது.

ஃபெண்டர் எஃப்ஆர்-12, தன் தம்பி எஃப்ஆர்-10 உடன் 2023-இல் வந்தது. அமெரிக்காவில் அறிமுக விலை முறையே 549, 499 டாலர். பார்ப்பதற்குப் பழைய ஃபெண்டர் ஆம்ப் போலவே இருக்கிறது. பின்னால் சாய்த்து நிறுத்தக் கால்களும் உண்டு. பேஸ், மிட், ட்ரெபிள், ஹை கட் என்று கைக்கெட்டும் குமிழ்கள் இருப்பது சிலருக்கு வரம். எந்த மண்டபத்திலும் மெனுவுக்குள் நுழையாமல் அரை நிமிடத்தில் ஒலியைச் சரிசெய்யலாம். பிஏ இல்லாமல், பெட்டியே சபைக்கும் கேட்க வேண்டும் என்ற நிலையில் வாசிப்பவருக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். கேட்கக் கேட்கப் பிடித்துப்போன பெட்டி இது என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அந்தக் குமிழ்களைத் திருப்பித்திருப்பிப் பழகியவர், மாடலரில் சேமித்த ஒலி அமைப்பான ப்ரீசெட்டிலுள்ள பிழையைப் பெட்டியில் திருத்திக்கொண்டு, திருத்தாத ஒலியைப் பிஏவுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார் என்ற அச்சம் எனக்கு உண்டு. அந்த ஆள் நானாகவே இருக்கக்கூடும்.

கடைசியில் நான் வாங்கியது டிஎக்ஸ்ஆர்10. கிட்டாருக்கென்று செய்யப்படாத, சிறு மண்டபங்களில் பிஏவாகவும் மானிட்டராகவும் உழைக்கும் பெட்டி. 10 அங்குல வூஃபர், 1100 வாட் உச்சம், 14.6 கிலோ எடை. மண்டபத்தில் தொங்கும் பெட்டிகளின் இனத்தையே சேர்ந்தது என்பதால், இதில் சரியாக அமைத்த ப்ரீசெட் அங்கேயும் ஏறத்தாழ அப்படியே ஒலிக்கிறது. பத்து நிகழ்ச்சிகளுக்குப் பிறகும் இந்த எண்ணம் மாறவில்லை. பின்பக்கம், பயன்பாட்டுக்கேற்ப ஒலியை மாற்றும் டி-கான்டூர் என்ற பொத்தான் இருக்கிறது. அதை அணைத்தோ, தரையில் சாய்த்து வைக்கும்போது மானிட்டர் நிலையிலோ வைக்கலாம். எஃப்ஓஹெச் (சபைக்கு ஒலிக்கும்) நிலை பாட்டுக் கேட்கத்தான் அழகு. மூன்று சேனல் உள்ளீடு இருப்பதால், ஒன்றில் என் மாடலரையும் மற்றொன்றில் பிஏ மேசையிலிருந்து பாடகரின் குரலையும் வாங்கி, இரண்டின் அளவையும் நானே வைத்துக்கொள்கிறேன். இந்த ஒரு வசதிக்காகவே இதை இன்னொரு முறை வாங்குவேன்.

10 அங்குலம் போதுமா, 12 வேண்டாமா என்ற கேள்விக்கு என் பதில், கிட்டாரின் ஆறாம் தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது என்பது. பெரிய வூஃபர் நடு அலைவரிசையில் ஒலியைக் குறுகிய கூம்பாக வீசும் இயல்புடையது. க்யூஎஸ்சி நிறுவனத்தின் கே.2 வரிசையில் 8 அங்குலப் பெட்டிக்கு 105 பாகை, 10-க்கு 90, 12-க்கு 75 என்று பரவல் குறைந்துகொண்டே வருவதைக் காணலாம். மேடையில் ஓரிடத்தில் நிற்காத எனக்கு அகலம்தான் முக்கியமாக இருந்தது.

எந்தப் பெட்டியை வாங்கினாலும் அதை வைக்கும் இடம் ஒலியை மாற்றும். தரையில் படிந்தாலும் சுவரோடு ஒட்டினாலும் அடியொலி வீங்கும். ஸ்டாண்டில் ஏற்றிக் காது உயரத்துக்குக் கொண்டுவந்தால் அதே பெட்டி புதிதாகத் தெளியும். இரவில் மெல்லிய ஒலியில் அமைத்த ப்ரீசெட் மேடையில் அடியும் நுனியும் பெருத்து ஒலிப்பதும் பெட்டியின் குற்றம் அன்று. குறைந்த ஒலியில் மனிதக் காது இவ்விரண்டையும் சரியாகக் கேட்பதில்லை என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே வரைந்து காட்டிவிட்டார்கள். எனவே ப்ரீசெட்டை மேடை அளவு ஒலியில்தான் அமைக்க வேண்டும். நான் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7000-க்கு மேலும் வெட்டியே தொடங்குகிறேன்.

இணைப்பில் ஒரு குறிப்பு. ஹீலிக்ஸ் எல்டியில் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டைப் பிஏவுக்கும் கால் அங்குல வெளியீட்டை என் பெட்டிக்கும் கொடுத்து, ஒலிக்குமிழ் கால் அங்குல வெளியீட்டை மட்டும் கட்டுப்படுத்துமாறு அமைத்துக்கொண்டேன். எல்லா ப்ரீசெட்டுக்கும் பொதுவான ஒலிச் சமன் அமைப்பாகிய குளோபல் ஈக்யூவையும் அவ்வாறே என் பெட்டிக்கு மட்டும் என்று ஒதுக்கலாம். அறையின் குறையை அங்கே தீர்த்தால், மேசையில் இருப்பவருக்குப் போகும் ஒலி கெடுவதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டையும் வேறுவேறு பிளக்கில் செருகியதால் பாட்டு முழுக்க ஹம் வந்தது. அன்றிலிருந்து மாடலருக்கும் பெட்டிக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் மின்சாரம்.

என் பெட்டியில் குறையே இல்லையா என்றால், எடைதான் குறை. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி ஒத்திகை அறைக்கு ஒரு கையில் கிட்டாரும் மறு கையில் 14.6 கிலோவுமாக ஏறும் ஒவ்வொரு முறையும், அதே நிறுவனத்தின் 10.5 கிலோ டிபிஆர்10 நினைவுக்கு வருகிறது. அதிலும் டி-கான்டூர் உண்டு, உச்சம் 700 வாட், விலையும் குறைவு. நண்பர் ஒருவர் அதைத்தான் வைத்திருக்கிறார். ஒத்திகை அறை அளவு ஒலியில் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று மூன்று முறையில் இரண்டு முறைதான் என்னால் சொல்ல முடிந்தது.