கோத்தகிரியில் விபிஎன்: எது ஓடியது, எது மக்கர் செய்தது

கோடைக்குக் கோத்தகிரியில் அப்பாவோடு தங்கினாலும், ஸ்டுட்கார்ட் வீட்டுக் கணினியில் கிடக்கும் கோப்புகள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். ஜெர்மனியில் பரவலாகப் புழங்கும் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரௌட்டரில், அதன் மென்பொருளின் 7.50 பதிப்பு முதல் வயர்கார்டு என்ற விபிஎன் வசதி வந்துவிட்டது. அதை வைத்தே விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் நுழையும் பாதுகாப்பான இணையவழி, அமைத்திருந்தேன். கிளம்புமுன் முடிக்க வேண்டிய வேலை இது. புதிய இணைப்பைச் சேர்க்கும்போது ரௌட்டரின் பொத்தானை அழுத்தி உறுதிசெய்யச் சொல்லும். மலையேறிய பிறகு அதை யார் அழுத்துவது? ஒவ்வொரு கருவிக்கும் தனி அமைப்புக் கோப்பு வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வயர்கார்டு செயலிக்கு அந்தக் கோப்பின் கியூஆர் குறியைக் காட்டினால் ஆயிற்று. மேக்கிலும் சிக்கல் இல்லை. விண்டோஸில் நிர்வாகி உரிமை இல்லாமல் செயலியை நிறுவ முடியாது என்பதால் அலுவலக மடிக்கணினியைத் தொடவே இல்லை. சொந்தக் கணினியில்தான் போட்டேன். உபுண்டுவில், அமைப்புக் கோப்பில் டிஎன்எஸ் (தளப் பெயர்களை முகவரியாக மாற்றும் சேவை) வரி இருந்தால் 'ரிசால்வ்கான்ஃப்' என்ற துணை நிரல் இல்லை என்று முரண்டு பிடிக்கும். அதை நிறுவிவிட்டால் அடங்கிவிடும்.

கோத்தகிரியில் டானிங்டன் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு உள்ளூர் கேபிள் வழியாக பிராட்பேண்ட் வருகிறது. விண்டோஸ் செயலி பச்சை விளக்கோடு 'ஆக்டிவ்' என்று காட்டியது. ஒரு கோப்பும் திறக்கவில்லை. வயர்கார்டின் சுபாவம் அப்படி: மறுமுனை பதிலே சொல்லாவிட்டாலும் மூச்சுக்காட்டாது. பச்சையை நம்பாமல் கீழே பார்க்க வேண்டும். இரு முனையும் கைகுலுக்கிக்கொண்ட நேரத்தைச் சொல்லும் 'கடைசி ஹேண்ட்ஷேக்' என்ற வரியையே காணோம். அனுப்பிய தரவின் அளவு மட்டும் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது, பெற்றது பூஜ்யம்.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். மறுபடி அழைத்தால் மறுபடியும் அதே மந்திரம். மழையில் சில்வர் ஓக் கிளை விழுந்து தொங்கிய கேபிளை இழுத்துக் கட்ட வந்த லைன்மேன் தம்பிதான் முடிச்சை அவிழ்த்தார். "அண்ணா, எங்கள் லைனில் ஐபிவி4 மட்டும்தான் வரும். ஐபிவி6 கேட்டால் கிடைக்காது." நனைந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்தது அந்தத் தொலைபேசிக் குரல்களுக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஐபிவி4 என்பது இணைய முகவரியின் பழைய வகை, ஐபிவி6 புதிய வகை. என் ஜெர்மன் இணைப்பு, அங்கே பலருக்கும் இருப்பதுபோல, டிஎஸ்-லைட் வகை. அதில் ஐபிவி4 முகவரியைப் பலர் பங்குபோட்டுக்கொள்வார்கள். வெளியிலிருந்து வீட்டு ரௌட்டரைத் தட்ட ஐபிவி6 கதவு ஒன்றுதான் உண்டு. ஜியோ மொபைலில் ஐபிவி6 கிடைக்கிறது. கைப்பேசியை ஹாட்ஸ்பாட்டாக மாற்றியதும் ஹேண்ட்ஷேக் வரி தோன்றியது, கோப்புகளும் வந்தன. சிக்னல் கூடத்து ஜன்னலோரத்தில் மட்டுமே நின்றது என்பதால், அங்கேயே நாற்காலி போட்டுக்கொண்டேன்.

இன்னொன்று. தொடக்கத்தில் எல்லாப் போக்குவரத்தும் ஜெர்மனி வழியாகவே போனதால், என் கணினியில் அப்பாவுக்காகத் திறந்த வங்கிப் பக்கம் வெளிநாட்டு முகவரி என்று விரட்டியது. எந்த முகவரிகள் விபிஎன் வழியாகப் போகலாம் என்று சொல்லும் 'அலவ்டு ஐபிஸ்' வரியில், எல்லாவற்றையும் குறிக்கும் 0.0.0.0/0 என்பதை எடுத்துவிட்டு, ஃபிரிட்ஸ்பாக்ஸின் வழக்கமான வீட்டு வலையமைப்பு முகவரியான 192.168.178.0/24 மட்டும் வைத்தேன். வங்கியும் மின்கட்டணமும் நேர்வழியில் போயின.

டிஎஸ்-லைட் வீட்டிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள், பிறரோடு பங்குபோடாத பொது ஐபிவி4 முகவரி தருவார்களா என்று தங்கள் இணைய நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டால் சிலர் தருகிறார்கள்.