துருவக் கடலில் காற்றின் கார்பன் டை ஆக்சைடை இழுப்பது குளிர்காலப் பனியா, வசந்தகாலப் பனியா?

ஈரோட்டில் மீன் கடைக்கு வந்திறங்கும் ஐஸ் பாரை உற்றுப் பாருங்கள். ஓரம் கண்ணாடி, நடுவில் வெள்ளை. "நடுவுல சுண்ணாம்பாட்டம் இருக்குதுங்க" என்பார் கடைக்காரர். உறையும் தண்ணீர் காற்றையும் உப்பையும் உள்ளே தள்ளித் தள்ளிச் சேர்த்த வெள்ளை அது.

துருவக் கடலிலும் இதே தள்ளல்தான். சுமார் −1.8 டிகிரியில் கடல்நீர் உறையும்போது, விலகும் உப்புநீர் பனிக்குள்ளேயே மெல்லிய குழாய்களில் தேங்கும். குளிர்காலப் பனியில் கார்பன் டை ஆக்சைடும் அங்கேயே செறியும்; கொஞ்சம் காற்றில் கசியும், பெரும்பங்கு கனத்த உப்புநீரோடு கடலுக்குள் இறங்கிவிடும். −5 டிகிரிக்கும் கீழே போனால் குழாய்கள் கிட்டத்தட்ட அடைபடும். அதற்காகப் பனியை, கடலையும் காற்றையும் பிரிக்கும் வெறும் மூடி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஏனென்றால் வசந்தத்தில் அதே பனி காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுக்கிறது. குழாய்கள் திறக்கும், உருகுநீர் உப்பின் செறிவைக் குறைக்கும். குளிரில் படிந்த இகைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகங்கள் கரையும்போது கார்பன் டை ஆக்சைடு செலவாகும். (அண்டார்டிகப் பனியில் இந்தப் படிகம் பதிவானதே 2008இல்தான்.) அப்புறம், பனியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் பாசி தன் பங்குக்கு உறிஞ்சும்.