ஸ்டீம் லைனில் ஏரோஜெல்: ஐந்து மழைக்காலம் பார்த்த பிறகு

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். பாய்லரிலிருந்து துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்களுக்குப் போகும் 4 இஞ்ச் ஸ்டீம் லைன் பாதி தூரம் திறந்த வெளியில் ஓடுகிறது. 8 கிலோ பிரஷர், சூடு சுமார் 175 டிகிரி. 2020 வரை அதற்கு 50 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) சுற்றி, மேலே அலுமினிய ஷீட் போட்டிருந்தோம். காய்ந்திருக்கும்வரை ராக்வூலில் எந்தக் குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்தால்தான் தொல்லை. ஷீட் இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கிப் பஞ்சு ஊறிவிடும். விடியற்காலையில் லைன் நெடுக ஆவி பறக்கும். ஸ்டீம் லீக் என்று ஷிஃப்ட் ஆட்கள் ஓடி வருவார்கள்; உள்ளே ஊறிய பஞ்சு கொதித்துக்கொண்டிருக்கும். பஞ்சில் சூட்டைத் தடுப்பது அதில் அடைபட்ட காற்றுதான்; அந்த இடத்தைப் பிடிக்கும் தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். பாய்லருக்குப் போடும் விறகெல்லாம் அந்த ஆவியிலேயே போனது.

அந்த வருடம் வெளியே இருக்கும் பகுதிக்கு மட்டும் ஏரோஜெல் போர்வை வாங்கினோம். 10 மி.மீ. கனம், இரண்டு சுற்று. விலை ராக்வூலைப்போலப் பல மடங்கு. இத்தனை பணம் கொடுத்து இவ்வளவு மெல்லிசாகவா என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான். 1931இல் கிஸ்ட்லர் என்ற அமெரிக்க வேதியியலாளர், ஜெல்லுக்குள் இருக்கும் திரவத்தை, அதன் கூடு இடிந்துவிடாமல் எடுத்துக் காட்டினார். மிஞ்சும் அந்தக் கூடுதான் ஏரோஜெல். அதில் பெரும்பாலும் காற்று. ஆனால் அது அடைபட்டிருக்கும் துளைகள் மிக மிகச் சின்னவை. காற்று மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிச் சூட்டைக் கைமாற்றக்கூட அங்கே இடம் போதாது. அதனால் அசையாத காற்றைவிடவும் குறைவாகத்தான் வெப்பம் கடக்கிறது.

எங்கள் லைனில் ஷீட்டின் மேல் 50 டிகிரியை ஒட்டி வருகிறது. காய்ந்த ராக்வூல் 50 மி.மீ.க்கும் கிட்டத்தட்ட இதுதான். ஆக, 20 மி.மீ.யில் அதே வேலை முடிகிறது. அளப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பளபளக்கும் அலுமினியத்தின் மேல் இன்ஃப்ராரெட் கன்னைக் காட்டினால் பொய்யான அளவுதான் வரும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும்.

முதல் மழையன்று எங்கள் ஃபிட்டர் ஒரு வெட்டுத் துண்டைக் குழாயடியில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் தாமரை இலையில் உருளுவதுபோல முத்து முத்தாக ஓடியது. “சார், இது தண்ணியே குடிக்க மாட்டேங்குதுங்க” என்றார். அந்த வருடம் விடியற்காலை ஆவி வரவில்லை. இன்றுவரை வரவில்லை. 300 டிகிரியைத் தாண்டும் லைன் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சூட்டில் குழாயை ஒட்டிய அடுக்கு இந்தக் குணத்தை மெல்ல இழந்துவிடும்.

போன வருடம் இரண்டு இடத்தில் பிரித்துப் பார்த்தோம். ஒரு இடத்தில் குழாயின் பிரைமர் பெயின்ட் அப்படியே இருந்தது. பழைய ராக்வூலைப் பிரித்தபோது துருப் பொருக்கு பொருக்காகக் கையோடு வந்தது நினைவுக்கு வந்தது. சப்போர்ட் பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. அங்கே ஷீட்டைச் சரியாக வெட்டாமல், சீலன்ட்டும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். போர்வை நனையவில்லை. அதற்கும் குழாய்க்கும் நடுவில் தண்ணீர் புகுந்து நின்றிருக்கிறது. போர்வை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெட்டிய ஓரங்களை அடைத்தே ஆக வேண்டும்.

தூசி பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வெட்டும்போது மாவுபோல வெள்ளையாகப் பறக்கும். கையில் பட்டால் தோல் பனிக்காலத்தில் வறண்டதுபோல் இறுகும். வெறும் தண்ணீரில் கழுவினால் தண்ணீர் அதன் மேல் ஒட்டாமல் வழுக்கிப் போகிறது. முதல் நாள் ஆட்கள் ரொம்பச் சிரமப்பட்டார்கள். அது என் தவறு. மறுநாளே முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, மாஸ்க் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இது கல்லுடைப்பவர்களின் நுரையீரலைக் கெடுக்கும் படிக சிலிக்கா வகை அல்ல. அதற்காக மூச்சில் போகட்டும் என்று விட முடியாது.

எனக்கு அதிக நிம்மதி தந்தது வால்வு உறைகள். முன்பு ராக்வூல் அடைத்த தடித்த உறைகள் இருந்தன. ஸ்டீம் டிராப்பை (ஆவி குளிர்ந்து நிற்கும் தண்ணீரை வெளியேற்றும் கருவி) பார்க்கக் கழற்றினால் திரும்பக் கட்ட ஆள் கிடைக்காது. வால்வு மாதக்கணக்கில் வெறுமனே கனன்று கிடக்கும். ஏரோஜெல் உறை எடை குறைவு, மடக்கவும் வரும். கழற்றியவரே கட்டிவிட்டுப் போகிறார்.

துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டருக்குப் போகும் தெர்மிக் ஃபுளூயிட் (சூடான எண்ணெய்) லைனிலும் இதையே போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நேர் குழாயில் போடலாம். ஃபிளாஞ்ச் (போல்ட் போட்ட குழாய் இணைப்பு), வால்வுப் பக்கம் நான் போடவில்லை. தண்ணீரை விலக்கும் இதே போர்வை எண்ணெயை நன்றாகக் குடிக்கும். கசிந்த சூடான எண்ணெய் பஞ்சில் ஊறித் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து ராக்வூலிலும் உண்டு, இதிலும் உண்டு. அந்த இணைப்புகளைத் திறந்தே விட்டு, கை படாமல் கம்பி வலைத் தடுப்பு போட்டு, கீழே தட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் தட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

ஷெட்டுக்குள் ஓடும் லைனுக்கு இன்னமும் ராக்வூல்தான். அங்கே நனைய வழியில்லை. மாற்றும் எண்ணமும் இல்லை. இந்த ஐப்பசிக்குள் பாய்லர் ஹெடரின் (ஸ்டீம் லைன்கள் பிரியும் பெரிய குழாய்) வெளிப்பக்கத்தை ஏரோஜெலுக்கு மாற்ற வேண்டும். சீலன்ட் வைக்கும் அன்று நானே பக்கத்தில் நிற்பதாக இருக்கிறேன்.