ஆக்டேவ் ரிவ்யூ: வெள்ளிக் கணக்குல மில்லி எங்க போச்சு?

சேலத்துல, குறிப்பா செவ்வாப்பேட்டை பக்கம், கொலுசுப் பட்டறை வச்சிருக்கவங்க வீட்டுல இன்ஜினியரிங் படிக்கிற பசங்க இருப்பாங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். எங்க பட்டறை எடைக் கணக்கெல்லாம் இப்ப க்னூ ஆக்டேவ்ங்கற கணக்குப் போடுற சாஃப்ட்வேர்லதான் போடுறேன். இதே மாதிரி வேலை செய்ற மேட்லாப்புக்கு லைசென்ஸ் காசு கட்டணும், இது ஃப்ரீ, எழுதுற முறையும் பெரும்பாலும் ஒண்ணுதான். 2015ல வந்த 4.0ல இருந்து தனி விண்டோவோடயே வருது, பழைய லேப்டாப்லயும் ஓடுது.

வேரியபிள்ல, அதாவது நாம பேரு வச்சு சேமிக்கிற எண்ணுல, இருக்குற மதிப்ப பாக்குறது ரொம்ப ஈஸி. லைன் கடைசில செமிகோலன் போடலன்னா பேரு, சமக்குறி, மதிப்பு எல்லாத்தையும் அதுவே காட்டிடும், போட்டா கமுக்கமா இருக்கும். பேரு வேணாம் மதிப்பு மட்டும் போதும்னா டிஸ்ப் (disp)ங்கற கமாண்ட்.

ஆனா வெள்ளிக்கு இது பத்தாதுங்க. 1234.567 கிராம் வெள்ளி, 80 டச் (நூத்துக்கு 80 பங்கு சுத்த வெள்ளி)னு வைங்க, சுத்த வெள்ளி 987.6536 கிராம் வரணும், ஆக்டேவ் 987.65னு காட்டும், எடையையே 1234.6ன்னுதான் காட்டும், அப்பா பாத்தா மீதி மில்லி எங்கடான்னு கேப்பாரு! எங்கயும் போகல, வேரியபிள் உள்ள முழுசா பத்திரமா இருக்கு, திரையில காட்டும்போது மட்டும் முக்கியமான 5 இலக்கத்தோட நிறுத்திக்குது. ஃபார்மட் லாங் (format long)னு ஒரு தடவ அடிச்சா முழுசும் தெரியும், என்ன, வால் நீட்டமா வரும்.

பில்லு மாதிரி அழகா வேணும்னா எஃப்பிரிண்ட்எஃப் (fprintf) கமாண்ட் தாங்க ராஜா. பர்சன்ட் குறி, புள்ளி, 3, எஃப் இத சேத்து (%.3f) அடிச்சா 987.654, தராசுல பாக்குற மாதிரியே மூணு தசமம். முழு எண்ணுக்கான டி (%d) போட்ட இடத்துல தசம எண் குடுத்தாலும் வெட்டி எறியாம அதுவே ஃபார்மட்ட மாத்திக்குது, எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இது. முன்னாடி எஃப் இல்லாத வெறும் பிரிண்ட்எஃப்பும் ஆக்டேவ்ல ஓடும், ஆனா காலேஜ் லேப்ல மேட்லாப் இருந்தா அங்க ஓடாது, அதனால எஃப் போட்டே பழகிக்கோங்க.

குறைன்னு சொன்னா டேபிள் பிரிண்ட் பண்றதுதான். முதல் காலம் (column, மேலருந்து கீழ போற வரிசை) எடை, ரெண்டாவது காலம் டச்னு மேட்ரிக்ஸ், அதாவது எண் அட்டவணை, வச்சு எஃப்பிரிண்ட்எஃப்ல அப்படியே குடுத்தா அது ஒவ்வொரு காலமா மேலருந்து கீழதான் எண்ண எடுக்கும், மொத கொலுசோட எடைக்குப் பக்கத்துல டச் வராது, ரெண்டாவது கொலுசோட எடை வந்து உக்காந்துக்கும், எரரும் காட்டாது. மேட்ரிக்ஸ் பேருக்குப் பின்னாடி ஒத்த மேற்கோள் குறி (') போட்டு, படுக்கை வரிசையையும் காலத்தையும் இடம் மாத்திக் குடுங்க, சரியா வரும். புதுசா வர்றவங்களுக்கு இது நெஜமாவே கஷ்டம், இதுக்காகவே ஒரு ஸ்டார் குறைக்கிறேன், 5க்கு 4.

ஒவ்வொரு தடவையும் ஃபார்மட் லாங் அடிக்க சலிப்பா இருந்தா ஹோம் ஃபோல்டர்ல புள்ளி வச்ச ஆக்டேவ்ஆர்சி (.octaverc) ஃபைல்ல அந்த ஒரு லைன எழுதி வச்சிடுங்க, தொறக்கும்போதே அப்படித்தான் வரும்.