வெளியாளாகச் சென்று அமர்ந்த ஒரு மாலை ஆராதனை

தஞ்சாவூர் நகருக்குள் இருக்கும் ஒரு சபை, மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில், கிறிஸ்தவர் அல்லாதவர்களையும் அழைத்து ஓர் ஆராதனையை நடத்திவருகிறது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். வங்கியில் என்னோடு இருபது ஆண்டுகள் பணியாற்றிய நண்பர், "சார், பாட்டுக்காகவாவது ஒரு தடவை வந்து உட்காருங்க" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததால், அடுத்தடுத்த இரண்டு மாதங்கள் சென்றுவந்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் சபையின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதைப் பார்த்ததுமே எனக்குப் பாதிக் கூச்சம் போய்விட்டது. வரவேற்க நின்ற இளைஞர் ஊரையும் பேரையும் விசாரிக்காமல் ஒரு பாட்டுத் தாளை மட்டும் கொடுத்தார். ஆனால் உள்ளே இருந்த பெரியவர் ஒருவர், புதியவன் என்பதை எப்படியோ கண்டுகொண்டு, என்னை முதல் வரிசைக்கே அழைத்துச் சென்று அமரவைத்தார். அவர் மரியாதையாகத்தான் செய்தார்; ஆயினும் எப்போது எழுவது, எப்போது அமர்வது என்று தெரியாதவனுக்கு முன்வரிசையைவிடச் சங்கடமான இடம் கிடையாது. இரண்டாம் முறை நானே கடைசி வரிசைக்கு முந்தையதில், மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்துக்கொண்டேன்.

முதல் அரை மணி நேரம் புதிய பாடல்கள். கீபோர்டு, டிரம்ஸ், கித்தார் எல்லாம் உண்டு; ஒலிபெருக்கியின் அளவு அந்தக் கட்டடத்துக்கு மிக அதிகம். திரையில் ஓடிய தமிழ்ப் பாடல் வரிகளை ஆங்கில எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்காக என்று நண்பர் விளக்கினார். வெளியாரை அழைத்துவிட்டு, தமிழை மட்டுமே படிக்கத் தெரிந்த வெளியாரை அந்தத் திரை வெளியிலேயே நிறுத்திவைக்கிறது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த, வயல் வேலைக்குப் போகிறவர் என்று பேச்சில் தெரிந்துகொண்ட அம்மாள், அரை மணி நேரமும் திரையைப் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் டிரம்ஸ் ஓய்ந்து, வயலினும் மிருதங்கமும் முன்னே வந்தன. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் மோகனத்தில் ஒரு பழைய கீர்த்தனையைத் தொடங்கினார். பல்லவியின் இரண்டாம் சுற்றிலேயே சபை முழுவதும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சேர்ந்துகொண்டது. பல்லவி திரும்பத் திரும்ப வருவதால், புதியவனும் மூன்றாம் முறை வாயசைக்கலாம், நான்காம் முறை பாடிவிடலாம். அந்த அம்மாளும் பாடினார். இது தற்செயலாக அமைந்த நயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னர் காலத்தில் இதே தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), குறவஞ்சி போன்ற நாட்டு வடிவங்களையே எடுத்துக் கிறிஸ்தவப் பொருளைப் பாடியவர். கோயில் மண்டபத்திலும் தெருவிலும் கேட்டுப் பழகிய காதுக்கு அவருடைய மரபு அந்நியமாக இருக்க வழியில்லை. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை ஆய்வு நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் இந்த ஊர்க் கிறிஸ்தவர்தாம். இப்படி ஒரு சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஆராதனையின் நடுவில் ஒரே ஒரு பாட்டாகச் சுருக்கியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

பிரசங்கம் இருபத்தைந்து நிமிடம். பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரத்து இளைய மகனின் கதையை எடுத்துக்கொண்ட போதகர், டெல்டாக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னார்: அப்பா உயிரோடு இருக்கும்போதே நஞ்சையில் என் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கும் பையனை நம் ஊரில் என்ன சொல்வோம் என்றார். சபை சிரித்தது, ஒருசிலர் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டதையும் பார்த்தேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மூத்த மகனைப் பற்றி அவர் சொன்ன பகுதி. வயலிலிருந்து திரும்பும் மூத்தவன், வீட்டுக்குள்ளிருந்து பாட்டும் ஆட்டமும் கேட்கிறதே என்று வேலைக்காரனிடம் விசாரிக்கிறான். பங்கையெல்லாம் அழித்துவிட்டுத் திரும்பிவந்த தம்பிக்காகத் தகப்பன் வைத்த விருந்து அது என்று தெரிந்ததும் உள்ளே போக மறுக்கிறான். தகப்பன் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை, தானே வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறான். "வெளியே நிற்கிறவனுக்காக விருந்தை நிறுத்தக் கூடாது, வெளியே போய் அழைக்காமலும் இருக்கக் கூடாது" என்று போதகர் முடித்தார். இந்த ஆராதனையையே அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோலை நான் தேட வேண்டியதில்லை.

இடையிடையே சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்கள் வந்து விழுந்தன. இரட்சிப்பு என்ற சொல்லுக்கு அவர் பொருள் சொன்னார். கிருபாதார பலிக்குச் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், புரியாத மொழியில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியாள் ஒருவன் உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம் என்று நினைக்கமாட்டானா என்று பவுல் கேட்பதாக நண்பர் பிறகு எடுத்துக் காட்டினார். ஆகவே இந்தக் குறையை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுடைய வேதமே முதலில் சொல்லியிருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் முதலில் உட்கார்ந்து செய்த வேலை தமிழ் படித்ததுதானே.

காணிக்கைப் பை வரும் முன்பே, விருந்தினர்கள் எதுவும் போட வேண்டியதில்லை என்று அறிவித்தது மிக நாகரிகமான செயல். பொது ஜெபத்தில் மேட்டூர் நீருக்காகவும், அறுவடை நேரத்து மழையில் நனைந்த நெல்லுக்காகவும் வேண்டிக்கொண்டார்கள். அந்த ஐந்து நிமிடம் யாரும் என்னையோ என் போன்றவர்களையோ நினைத்துப் பேசவில்லை, தங்கள் கடவுளிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாலைகளிலும் நான் மிக நெருங்கி நின்றது அப்போதுதான்.

அதற்கு நேர்மாறானது, முடிவில் கைக்குக் கொடுத்த ஜெப விண்ணப்பச் சீட்டு. பெயர், கைபேசி எண், குடும்ப விவரம், கடைசியில் ஒரு கட்டம்: 'மேலும் அறிய விரும்புகிறேன்.' நான் கட்டத்தில் குறியிடாமல், தாயாரின் முழங்கால் வலியை மட்டும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் தினம் ஒரு வசனம், கூடவே மூன்று காணொளி வந்தன. நிறுத்தச் சொல்லி எழுதிய பிறகும் ஒரு வாரம் நிற்கவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நண்பரிடம் சொன்னபோது அவர் முகம் வாடிப்போய், "அது வேற குழு பாக்கறாங்க சார்" என்றார்.

வேளாங்கண்ணியோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்துபோகிறவர்களில் எங்கள் தெரு இந்துக்களும் உண்டு. மெழுகுவத்தி ஏற்றலாம், மொட்டை போடலாம், நேர்ச்சையைச் செலுத்தலாம். வந்தவனுக்குச் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்து கேட்பதைத் தவிர வெளியாளுக்கு வேலையில்லை. ஆகையால்தான் அந்த ஒரு கீர்த்தனை அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு: மாலை 6 மணிக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்கு முடிகிறது. முடிந்ததும் சுக்குக் காபியும் சுண்டலும் தருகிறார்கள்; இரண்டும் நன்றாக இருந்தன. பாட்டு மட்டும் போதும் என்பவர்கள் ஆறரைக்குப் போனால் டிரம்ஸுக்குத் தப்பிக்கலாம். சீட்டில் கைபேசி எண்ணை எழுத வேண்டாம். கீர்த்தனை கேட்க அம்மாவை அடுத்த மாதம் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். வாசலில் நான்கு படி, கைப்பிடி இல்லை. முதல் நாள் எனக்குப் பாட்டுத் தாள் கொடுத்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது, பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.