பக்கத்துச் சந்து யாருக்குச் சொந்தம்? கடலூரில் நாங்கள் பெற்ற சட்ட ஆலோசனை

திருப்பாதிரிப்புலியூரில் அம்மாவின் வீட்டுக்குத் தென்புறம் மூன்றரை அடி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. பக்கத்து வீட்டார் முப்பது வருடங்களாகச் சைக்கிளையும் கேஸ் சிலிண்டரையும் அதன் வழியாகத்தான் கொல்லைக்குக் கொண்டு போகிறார்கள். "போய்க்கொள்ளுங்கள்" என்று தாத்தா வாயால் சொன்னதைத் தவிர எழுத்தில் எதுவும் இல்லை. சென்ற ஆண்டு மதிலைச் சீர்செய்ய அம்மா ஆள் வைத்தபோது, இத்தனை வருடம் நடந்த வழியில் தங்களுக்கும் பாத்தியம் உண்டு என்று சொல்லி அவர்கள் வேலையைத் தடுத்தார்கள். பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் கேட்டதற்கு, பட்டா உங்கள் பெயரில்தானே இருக்கிறது, கதவு போட்டுப் பூட்டிவிடுங்கள் என்றார். பூட்டுவதற்கு முன் மஞ்சக்குப்பத்தில் சொத்து வழக்குகள் நடத்தும் ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்த்தோம்.

அவர் பட்டாவை ஓரமாக வைத்துவிட்டு 1971ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தைப் பிரித்தார். சொத்து விவரத்தின் கீழ் ஓர் அடிக்கோலை வைத்து, "கிழமேலடி 58, தென்வடலடி 24" என்று வாய்விட்டுப் படித்து, தெற்கு வடக்காக வீடு எத்தனை அடி என்று அம்மாவிடம் கேட்டார். இருபதரை. மீதி மூன்றரைதான் சந்து. பட்டா வருவாய்த் துறையின் பதிவு மட்டுமே என்பதையும், உரிமையைக் கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும்தான் நிலைநாட்டும் என்பதையும், சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை எதற்காகப் பார்க்க வேண்டும் என்பதையும் அம்மாவுக்குப் புரியும் சொற்களில் விளக்கினார்.

அனுமதியைப் பற்றி அவர் சொன்னதுதான் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, இருபது ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமை என்ற முறையில் நடந்திருந்தால் வழியுரிமை உண்டாகலாம். ஆனால் ஒருவர் அனுமதி கொடுத்ததால் நடந்த நடை எத்தனை ஆண்டு நீடித்தாலும் அனுமதியாகவே நிற்கும். இதைச் சொன்ன கையோடு அவர் எங்களையும் விடவில்லை. "அவர்கள் உங்கள் அனுமதியை நம்பிச் சந்தில் செலவு செய்து நிரந்தரமாக ஏதாவது கட்டியிருக்கிறார்களா அம்மா? இரண்டு மனையும் முன்பு ஒரே குடும்பத்தில் இருந்து பாகப்பிரிவினை ஆனதா?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு ஆம் என்றால் 60ஆம் பிரிவுப்படி அனுமதியைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம் என்றும், இரண்டாவதற்கு ஆம் என்றால் வேறு வழியே இல்லாதவருக்குக் கிடைக்கும் அவசிய வழியுரிமையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றும் காரணம் சொன்னார். எங்கள் விஷயத்தில் இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். அப்படியிருந்தும் பூட்டுப் போடக் கூடாது, அனுமதியை ரத்து செய்தாலும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பத்திரம் எழுதியவரின் பேச்சைக் கேட்டிருந்தால் வழக்கை நாங்களே அவர்கள் கையில் கொடுத்திருப்போம்.

முக்கால் மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச சட்ட உதவி தருகிறது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம் என்று, தம்மிடம் வந்த கட்சிக்காரருக்கே அவர் எடுத்துச் சொன்னதை நான் மரியாதையோடு நினைத்துப் பார்க்கிறேன். குறை என்றால் இரண்டு. என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லாததால், வில்லங்கச் சான்றுக்காக எழுபது வயது அம்மா இரண்டாம் முறை வர வேண்டியதாயிற்று. ஆலோசனையின் சுருக்கத்தையும் எழுத்தில் தரவில்லை. அதனால் நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் ஒருமுறை பேசிப் பாருங்கள் என்று அவரே சொன்னதால், அம்மா பக்கத்து வீட்டுத் தம்பியை அழைத்துப் பத்திரத்தைக் காட்டினார். சந்து அம்மாவுக்குச் சொந்தம், அவர் சம்மதிக்கும் வரை நடந்துகொள்ளலாம் என்று வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த தாளில் இருவரும் கையெழுத்திட்டார்கள். அடுத்த வாரம் மதில் வேலை தொடங்கியது. சிலிண்டர் இப்போதும் அந்தச் சந்து வழியாகத்தான் போகிறது.