டிவியில் 'நோ சிக்னல்': புது கேபிளா, எமுலேட்டரா, செட்டிங்கா?

பாதிப் படத்தில் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். டிவியோடு இணைத்த கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டு டிவியை மட்டும் ரிமோட்டில் அணைத்துவிட்டுப் போய், கை கழுவிவிட்டு வந்து மறுபடி போட்டால், 'நோ சிக்னல்' என்று ஒரு நீலப் பெட்டி திரையில் மூலைக்கு மூலை மிதக்கிறது. கீழே கம்ப்யூட்டரில் விளக்கு எரிகிறது, ஃபேனும் சுற்றுகிறது. போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்து எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிச் செருகினால் படம் வந்துவிடும். சரி, கேபிள்தான் கோளாறு என்று முடிவுகட்டி இரண்டு வருடத்தில் மூன்று கேபிள் வாங்கினேன். மூன்றுமே நல்ல கேபிள்கள், டிராயரில் தூங்குகின்றன.

பிடுங்கிச் செருகியதும் சரியானால் கேபிள் பெரும்பாலும் நிரபராதி. எச்டிஎம்ஐயில் 19 பின்கள். 19ஆவது பின் 'ஹாட் பிளக்'. டிவி அதில் மின்னழுத்தம் கொடுத்தால்தான் மறுமுனையில் ஆள் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். பிறகு 15, 16ஆவது பின்கள் வழியாக டிவியின் ஜாதகத்தைப் படிக்கும்: என்ன ரெசொல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ், எந்தெந்த ஆடியோ வகை என்று. அதற்குப் பெயர் இடிஐடி, 128 பைட் கொண்ட துண்டுகளாக இருக்கும். பல டிவிகள் அணைந்ததும் 19ஆவது பின்னின் மின்னழுத்தத்தை இறக்கிவிடும், கம்ப்யூட்டரோ திரையையே கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும். திரும்பப் போடும்போது டிவி முழுசாக விழிப்பதற்குள் அவசரப்பட்டுப் படித்தால் ஜாதகம் அரைகுறையாகக் கிடைக்கும், திரை கறுப்பாகவே நிற்கும். நாம் பிடுங்கிச் செருகுவது இந்த விசாரிப்பை முதலிலிருந்து நடத்தவைப்பதுதான்.

கேபிள் கெட்டால் அறிகுறி வேறு. படம் ஓடும்போதே வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், அல்லது இரண்டு மூன்று விநாடி கறுப்பாகித் தானாகத் திரும்பும். காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை: 4கே 60 ஹெர்ட்ஸை 1080பி 60க்கு இறக்கிப் பாருங்கள். 4கே 60க்கு விநாடிக்கு 18 ஜிகாபிட் வேண்டும், 1080பிக்கு அதில் கால்வாசி போதும். இறக்கியதும் மினுக்கல் போய்விட்டால் கேபிளைத் தாராளமாகக் குறை சொல்லலாம். கறுப்புத் திரை அப்போதும் வந்தால் கடைக்குப் போகாதீர்கள்.

கேபிள்தான் என்று உறுதியானவர்களுக்கு இரண்டு வழி. சாதாரணச் செம்புக் கேபிள் 3 மீட்டர் வரை கவலை தராது, 18 ஜிகாபிட்டுக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அதிர்ஷ்டம்தான். 'பிரீமியம் ஹை ஸ்பீட்' சான்றிதழ் ஒட்டுவில்லை உள்ளதை வாங்குங்கள். தங்க முலாம், தடித்த ஜாக்கெட் எல்லாம் கடைக்காரருக்கு லாபம். சுவருக்குள் பைப் வழியாக 10 மீட்டர் போக வேண்டுமென்றால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ. தூரம் அதற்குப் பொருட்டே இல்லை, ஆனால் ஒருவழிப் பாதை, எந்த முனை டிவிக்கு என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அதைக் கவனிக்காமல் பைப்பில் இழுத்துவிட்டு, பிறகு மொத்தத்தையும் உருவி எடுத்தவர்களை எனக்குத் தெரியும் (சரி, நான்தான்). இன்னொன்று, பல ஆப்டிகல் கேபிள்களில் படம் மட்டுமே கண்ணாடி இழையில் போகிறது, இடிஐடியும் ஹாட் பிளக்கும் மெல்லிய செம்புக் கம்பியில்தான். அதனால் மேலே சொன்ன ஜாதகத் தகராறு இருந்தால் ஆப்டிகல் போட்டாலும் தீராது.

காசே செலவில்லாத வழி ஒன்றும் உண்டு: கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் மெனுவை 1080பியில் வைத்துவிட்டு, படம் ஓடும்போது மட்டும் 4கே 24 ஹெர்ட்ஸுக்கு மாறும்படி அமைத்துக்கொள்ளலாம். 24 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய பாதி வேகம் போதும், பழைய கேபிளே தாங்கும். மாறும் நேரத்தில் சில விநாடி திரை இருளும். அது கோளாறு கிடையாது.

இப்போது என் விஷயத்துக்கு, அதாவது ஜாதகத் தகராறுக்கு வருகிறேன். இதற்குச் சந்தையில் இரண்டு பொருள்கள் ஒரே மாதிரிப் பெயரில் விற்கின்றன, நிறையப் பேர் தவறானதை வாங்குகிறார்கள். ஒன்று டம்மி பிளக்: கட்டைவிரல் அளவில் ஒரு மூடி, போர்ட்டில் செருகினால் அங்கே ஒரு திரை இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பும். திரையே இல்லாத சர்வருக்கு அது சரி. டிவி வைத்திருக்கிறவர் பக்கத்துப் போர்ட்டில் செருகினால் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது திரை முளைக்கும், மௌஸும் விண்டோவும் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். நமக்கு வேண்டியது பாஸ்-த்ரூ எமுலேட்டர். கேபிளுக்கு நடுவில் உட்கார்ந்து, டிவியின் ஜாதகத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, டிவி தூங்கினாலும் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். வாங்கும்போது 18 ஜிகாபிட், எச்டிஆர் இரண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நகலெடுக்கும் வசதி இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். ஆடியோ விவரமும் இடிஐடிக்குள்தான் இருக்கிறது, கம்பெனியில் போட்டு அனுப்பிய பொது ஜாதகத்தில் இரண்டு சேனல் மட்டுமே இருந்தால் டால்பி, டிடிஎஸ் என்ற சரவுண்ட் ஒலி வகைகள் எல்லாம் மறைந்து ஸ்டீரியோதான் கேட்கும்.

இதே வேலையை லினக்ஸில் சாஃப்ட்வேரே செய்யும். கோடிக்காகவே செய்த குட்டி லினக்ஸான லிப்ரேஎலெக்கில் இதற்கென்றே 'கெட்இடிஐடி கிரியேட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. டிவி ஓடும்போது எஸ்எஸ்எச் வழியாக (வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) நுழைந்து ஒருமுறை கொடுத்துவிட்டு ரீபூட் செய்தால், இடிஐடி ஒரு கோப்பாகப் பதிந்து ஒவ்வொரு முறையும் லினக்ஸின் மையமான கெர்னல் அதையே படிக்கும், போர்ட்டும் எப்போதும் உயிரோடு இருக்கும். ஹாலில் இருப்பது இதுதான், அதன்பிறகு நான் டார்ச்சை எடுக்கவில்லை. பெரும்பாலான விண்டோஸ்காரர்களுக்கு இந்தச் சுகம் கிடையாது. இடிஐடியை மாற்றி எழுதும் கருவிகள் அதிலும் உண்டு, ஆனால் ஹாட் பிளக் இறங்கியதும் திரை போய்விட்டது என்ற எண்ணத்தை அவை மாற்றுவதில்லை. அங்கே காசு கொடுத்து எமுலேட்டர் வாங்குவதே மேல். அதுவரை விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு 'பீப்' கேட்கும், கிராபிக்ஸ் டிரைவர் புதிதாக எழுந்துகொள்ளும். சில நாள் படம் வரும், சில நாள் வராது.

நடுவில் ஏவி ரிசீவர் (படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) வைத்திருந்தால் சிக்கல் இரட்டிப்பு. அது டிவியின் படத் தகுதியையும் தன் ஆடியோ தகுதியையும் கலந்து புதிய ஜாதகம் ஒன்று எழுதிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது. எதை முதலில் போட்டோம் என்பதைப் பொறுத்து ஜாதகமே மாறும். ரிசீவரைத் தாண்டி நேராக டிவியில் செருகிவிட்டு, ஒலியை மட்டும் திருப்பி அனுப்பலாமே என்பார்கள். எச்டிஎம்ஐ வழியாகவே ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதியின் புதிய வடிவமான இஏஆர்சி உள்ள டிவியாக இருந்தால் சரி, அது தரம் இழக்காத ஒலியையும் கடத்தும். பழைய ஏஆர்சியில் ஸ்டீரியோவும் சுருக்கிய டால்பியும் தேறும், டிடிஎஸ்ஸைச் சில டிவிகள் கடத்தவே கடத்தாது. ஸ்பீக்கருக்காக இவ்வளவு செலவழித்தவருக்கு இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எமுலேட்டரைக் கம்ப்யூட்டருக்கும் ரிசீவருக்கும் நடுவில் வையுங்கள், ரிசீவரும் டிவியும் ஓடும்போது நகலெடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எமுலேட்டரோ கோப்போ, எதில் பதிந்தாலும் பழைய ஜாதகம் பழைய ஜாதகம்தான். பெட்ரூமில் புது 4கே டிவி மாட்டி ஒரு வாரம் படம் 1080பியைத் தாண்டவே இல்லை, மெனுவில் 4கே என்ற வரியே காணோம். டிவி கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் அளவுக்கு வந்த பிறகுதான் பின்னால் தொங்கிய அந்தச் சின்னப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. பழைய டிவியையே இன்னும் ஒப்பித்துக்கொண்டிருந்தது. இப்போது அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி மார்க்கரில் எழுதியிருக்கிறேன்: 'டிவி மாத்தினா என்னையும் மாத்து'.